சுவரோரத்து இலை

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. உனக்கு ஞாபகம்கூட இருக்காது. உன் கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தாயிற்றா, மேளக்காரரிடம் பேசியாயிற்றா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாய். அதே குரலில், அதே வேகத்தில் இதையும் சொன்னாய். "அம்மா, முகூர்த்தத்தன்னிக்கு அப்பாவுக்கு ரூம்லயே முன்னாடி குடுத்துடலாம்மா. அவரு பந்தியில உக்காந்தா ஒரு மணி நேரம் ஆவும். அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் பாப்பாங்க. இட்லி, சாம்பார், கொஞ்சம் கேசரி, எல்லாத்தையும் மிக்ஸியில ஒரு சுத்து சுத்தி கிளாஸ்ல ஊத்திக் குடுத்துட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்." "சரி, வைக்கிறேன்மா, மீட்டிங்" என்றாய். ஞாயிற்றுக்கிழமையிலும் உனக்கு மீட்டிங். வைத்துவிட்டாய்.

எனக்கு வந்தது கோபமாக இருந்திருந்தால் உன்னைத் திரும்பக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். வந்தது குமட்டல். சமையலறைக்குப் போய் மிக்ஸி ஜாரைப் பார்த்தேன். இட்லியும் பருப்பும் முருங்கைக்காய்ச் சக்கையும் நெய்யும் சர்க்கரையும் அதற்குள் ஒன்றாகச் சுற்றினால் என்ன நிறத்தில் வரும் என்று மனம் தானாகவே நினைத்துப் பார்த்தது. நீ கெட்ட பெண் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. கெட்டவள் ஒருத்தி சொல்லியிருந்தால் அவள் குணம் அப்படி என்று விட்டுவிடலாம். அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிற ஒரு பெண், கொஞ்ச நேரம் மிச்சமாகும் என்பதற்காக இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது என்றால், நாம் எல்லோருமாகச் சேர்ந்து எந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம்?

நம் வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகிறவள் இல்லை நான். உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதே பக்கத்து வீட்டுக்காரிக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அப்படிப்பட்டவள் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவது உனக்குச் சங்கடமாக இருக்கும். யார் பெயரையும் எழுதவில்லை. ஆனால் உன்னிடம் மட்டும் சொன்னால் தீர்ந்துவிடுகிற விஷயமும் இல்லை இது. கல்யாணப் பந்தியில் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். நம் வீட்டுத் தபாலை அவர்கள் பிரித்துப் படிக்கப்போவதில்லை. அதனால்தான் இப்படி. இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அன்று என் கையெல்லாம் மாவு. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நீ சொன்னதை முழுவதும் கேட்டார்.

அவர் கண்டக்டராக இருந்த காலத்தில் எப்படிச் சாப்பிட்டார் என்று நீ பார்த்திருக்கிறாய். தனியார் பஸ். அவர்களுக்கு டைமிங்தான் சாமி. முன்னால் போகிற வண்டி கொஞ்சம் தாமதித்தாலும் சண்டை, பின்னால் வருகிற வண்டி கொஞ்சம் முந்தினாலும் சண்டை. கீழ்பென்னாத்தூரில் இறங்குகிற ஆளின் ஒரு கால் இன்னும் படியில் இருக்கும்போதே விசில் ஊதிவிடுவார். வீட்டிலும் அந்த விசில் ஓயவில்லை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கதவோரம் நின்றபடியே முடித்துவிடுவார். ஒரு நாள் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இன்னிக்கு என்ன கொழம்பு வெச்சேன், சொல்லுங்க?" யோசித்துப் பார்த்தார். "கொழம்புதான் வெச்ச" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கல்யாண வீடுகளில் உன் சித்தப்பா அவரைக் கேலி செய்வார்: "அண்ணன் பந்திக்குப் போயிட்டு ஏப்பம் விட்டுட்டு வந்துடுச்சு, நான் இன்னும் செருப்புகூட கழட்டல." அந்தக் கேலியில் பாராட்டும் இருந்தது. வேகமாகச் சாப்பிடுகிறவன் உழைப்பாளி, மெதுவாகச் சாப்பிடுகிறவன் ஒன்று சோம்பேறி அல்லது சீக்காளி. இதை நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம் ஒரு காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை தொங்கிப்போனது. பக்கவாதம். கால் ஓரளவு திரும்பியது. பேச்சு குழறலோடு திரும்பியது. தொண்டை மட்டும் பாதிதான் திரும்பியது. மூக்கில் டியூபோடு படுத்திருந்த நாட்களில் அவர் ஜாடையில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வாயில் ஏதாவது வை. டியூபை எடுத்த அன்று, ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா நம் இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னார். ஒரு வாய் என்றால் நெல்லிக்காய் அளவுதான். வைத்ததும் தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி விழுங்க வேண்டும். பிறகு வெறும் வாயோடு இன்னொரு முறை விழுங்க வேண்டும். அதன் பிறகு 'ஆ' சொல்லிப் பார்க்க வேண்டும். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த வாய். ஈரமாக, கொழகொழவென்று கேட்டால் பொறுத்திருக்க வேண்டும். வாயில் சோறு இருக்கும்போது அவர் பேசக் கூடாது. தண்ணீராக ஓடுகிற எதையும் அப்படியே கொடுக்கக் கூடாது, கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கி ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். நீர்த்தது எதுவாக இருந்தாலும் அவர் விழுங்குவதற்குள் ஓடிப்போய் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், நெஞ்சில் சளி கட்டும், அதிலேயே ஆள் போய்விடலாம். கிளாஸில் ஊற்றிக் கொடுத்துவிடலாம் என்றாயே, அவரைப் பொறுத்தவரை அதற்கு வேறு பெயர். அந்த அம்மா சொன்னபோது நீயும் அங்கேதான் நின்றாய். உன் கட்டைவிரல் போனில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. வாயோரம் ஒழுகுவதைத் துடைத்துவிட்டு அதே கையால் என் தட்டைத் தொட முடியாது. அவர் ஒரு இட்லி சாப்பிடுகிற நேரத்தில் ஒரு பக்கெட் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிடலாம். லாட்ஜில் என் வேலைக்கு நேரமாகும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்பூனை நீட்டுவேன். அவர் என் கண்ணைப் பார்ப்பார், பார்த்துவிட்டு அவசரமாக விழுங்குவார், புரையேறும், முகம் கறுத்துப்போகும், இருமி முடிந்து மூச்சு சீராவதற்குள் மிச்சம் பிடிக்க நினைத்த நேரத்தைப்போல இரண்டு பங்கு போயிருக்கும். கடைசியில் வேறு வழியில்லாமல் லாட்ஜில் கேட்டு மத்தியான ஷிஃப்டுக்கு மாறினேன். என் தட்டையும் எடுத்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கும் புதிதுதான். அடுப்படியில் நின்றுகொண்டு, பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். இப்போது உனக்கு இருக்கிற வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படித்தான் சாப்பிட்டேன். எனக்கு இரண்டு இட்லியில் வயிறு நிறைந்துவிடும் என்பதே நாற்பதைத் தாண்டியபிறகுதான் தெரிந்தது.

மெதுவாக இருந்து என்னத்தைக் கண்டாய் என்று நீ கேட்பாய். உன் அப்பாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. அதைக் கண்டேன். கல்யாணமானதிலிருந்து வாரம் தவறாமல் சமைத்துப் போட்டிருக்கிறேன், அவருக்கே தெரியாது. ஒரு நாள் நன்றாக வேகவைத்து மசித்து ஒரு வாய் வைத்தேன். நாக்கிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். விழுங்கினார், இன்னொரு முறை விழுங்கினார், 'ஆ' சொன்னார். பிறகு கேட்டார், "இது என்னா?"

"கத்திரிக்காங்க."

"எப்பவும் இதான் போடுவியா?"

"ஆமா. இவ்ளோ வருஷமா."

"நல்லாவே இல்லியே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்றிலிருந்து வாய்க்கு வாய் தீர்ப்புதான். ரசத்தில் சீரகம் ஜாஸ்தி. புளி கம்மி. இந்த அரிசி பழைய அரிசி இல்லை. எனக்கு எரிச்சலாகவும் வருகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. நான் சமைத்ததை இந்த வீட்டில் ஒருவர் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். அவர் சாப்பிடும்போது பேசக் கூடாது, ஆனால் கேட்கலாம். அதனால் நான் ஆரம்பித்த வாக்கியங்களை முடிக்கிறேன். இந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாக. நூலகத்திலிருந்து எடுத்துவருகிற கதைகளைச் சொல்கிறேன். "அப்புறம் அந்தப் பொம்பள என்ன பண்ணா?" என்று இரண்டு வாய்க்கு நடுவில் கேட்கிறார். சண்டைகூட ஒழுங்காக நடக்கிறது. ஒரு பதிலுக்கு இரண்டு விழுங்கலும் ஒரு 'ஆ'வும் ஆகும். அதற்குள் சொல்ல வந்ததில் பாதி சொல்லத் தகாதது என்று அவருக்கே பட்டுவிடுகிறது.

இதை ஒரு தத்துவமாக்கி உன் கையில் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வியாபாரத்தை லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். இங்கே ஆசிரமத்தில் மெதுவாக வாழக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அறையில் விட்டுப்போகிற புத்தகங்களை அகராதியை வைத்துக்கொண்டு படித்திருக்கிறேன். நிதானமாவதற்குச் சுருக்கு வழிகள், அத்தியாயத்துக்கு ஒன்றாக. அதைப் படித்த ஆளே வெந்நீர் வரக் கொஞ்சம் நேரமானால் இன்டர்காமில் கத்துகிறார். சாமி கும்பிட வருகிறவர்கள் படியேறும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள், தரிசனத்துக்கு எவ்வளவு நேரம், மலையைச் சுற்ற எவ்வளவு நேரம், மத்தியானம் கிளம்பிவிட முடியுமா என்று. போன மாதம் ஒரு அம்மா கேட்டார், "ஏங்க, ஆட்டோல சுத்துனா கிரிவலம் கணக்குல வருமா?" "ஆட்டோவுக்கு வரும்ங்க" என்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது, சாவியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார். பௌர்ணமிக்கு மறுநாள் காலை அடி அண்ணாமலைப் பக்கம் போய்ப் பார். பாதி குடித்த டீ கப்புகள், இரண்டு வாய் அள்ளிவிட்டு எறிந்த அன்னதானத் தொன்னைகள், மிதிபட்ட புளிசாதம், அதில் மொய்க்கிற ஈ. நடந்துகொண்டே வாங்கி, நடந்துகொண்டே தின்று, நடந்துகொண்டே போட்டது. சாமியைச் சுற்றி வந்தவர்களுக்குக் கையிலிருந்த சோற்றைத் தின்று முடிக்கிறவரை நிற்க முடியவில்லை. எனக்கு அந்தப் பாதையில் நடக்கவே கூசுகிறது.

ஆனால் அதெல்லாம் ஊரார் அசிங்கம். கீழ்பென்னாத்தூரில் நடந்தது நம்முடையது. உன் அப்பாவின் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். நோயிலிருந்து எழுந்து அவர் போன முதல் விசேஷம். வெள்ளை வேட்டி கட்டி, ஷேவ் செய்துகொண்டு, இடது கையாலேயே விபூதி பூசிக்கொண்டு வந்தார். தாலி கட்டியானதும் டிபன் பந்தி. நான் அவருக்கு வலப்பக்கம், உன் சித்தப்பா இடப்பக்கம். முதல் இட்லியில் பாதிகூட ஆகியிருக்காது, அவருடைய நாற்காலியின் முதுகை இரண்டு கைகள் வந்து பிடித்தன. நம் ஊர் வழக்கம்தானே அது. சாப்பிடுகிறவனின் பிடரிக்குப் பின்னால் போய் நிற்பது, தோளுக்கு மேலாக எட்டி இலையில் இன்னும் என்ன மிச்சம் என்று அளப்பது, அவன் மோர் கேட்டால் பெருமூச்சு விடுவது. வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்துக் கூப்பிட்ட விருந்தாளியைச் சாப்பிடும் இடத்தில் இப்படி நடத்துகிறோம். இத்தனை வருஷத்தில் இது அருவருப்பான பழக்கம் என்று ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

வரிசையில் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். கோடியிலிருந்து ஒருவர் மேஜைமேல் விரித்த பேப்பரை இலைகளோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே வந்தார். சாம்பார் வழிகிற அந்தச் சுருள் உருண்டு உருண்டு உன் அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னும் ஆவலையா?" நாற்காலி ஒரு குலுங்கு குலுங்கியது. உன் சித்தப்பாவுக்கு மானம் போய்விட்டது. "அண்ணா, எல்லாரும் நிக்கிறாங்க பாரு. தண்ணியக் குடிச்சி முழுங்குண்ணா" என்று டம்ளரை எடுத்து நீட்டினார். "தண்ணி வேணாங்க, குடுக்காதீங்க" என்றேன். உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. உன்னைத் தேடினார். நீ கை கழுவிவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, "சீக்கிரம்ப்பா" என்றாய். அவர் டம்ளரை வாங்கிக் குடித்தார்.

அந்தச் சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். இருமல்கூட வராமல் உள்ளேயே அடைத்துக்கொண்டு வருகிற சத்தம். நானும் உன் சித்தப்பாவும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கை கழுவுகிற இடத்துப் படியில் உட்காரவைத்து, முன்னால் குனியச் சொல்லி முதுகில் தட்டினோம். மேஜையில் விட்டுவந்த துண்டை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் பின்னால் நின்ற ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். இங்கே உன் அப்பாவுக்கு மூச்சு வரவில்லை, அங்கே அவர் அந்த இலையைப் பாதி இட்லியோடும் துண்டோடும் புறங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "இங்க ஒரு இலை போடுங்க" என்றார். அவர் அயோக்கியர் இல்லை. நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். நெஞ்சில் சளி கட்டி உன் அப்பா மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, கண் கலங்க, "எப்பிடிம்மா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அன்றைக்கு அவர் பார்த்தது ஒரு நாற்காலியை மட்டும்தான். வெட்கமாகச் சொல்கிறேன், அந்த ஆப்பிளை என்னால் நறுக்க முடியவில்லை. அடுத்த கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய் தெரியுமா? "இனிமே அப்பாவ விசேஷத்துக்கெல்லாம் இட்டுட்டுப் போவாதம்மா" என்றாய். நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். நீ போனை வைத்ததும் அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். புதன்கிழமை காலை நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே இருமல். ஓடி வந்தேன். மேஜையில் அவர் தானாகவே தட்டு வைத்து, இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியைச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். வாய் நிறைய இட்லி, கண்ணில் தண்ணீர். குனியவைத்து, துப்பவைத்து, தட்டிக்கொடுத்தேன். குரல் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

"என்னங்க பண்றீங்க தனியா?"

"பழகறேன்."

"எதுக்கு?"

"ரன்னிங் டைம் கொஞ்சம் கம்மி பண்ணிப் பாக்கறேன். கல்யாணத்துக்குள்ள பாதியாக் கொண்டாந்துட்டா போதும். ரூமுக்குப் போவ வேணாம் இல்ல?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "பந்தி நடக்கும்போது பொண்ணோட அப்பன் எங்கன்னு கேப்பாங்க. ரூம்ல கிளாஸ்ல குடிச்சிட்டு இருக்கான்னா சொல்லுவ?"

நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவரே மறுபடியும் பேசினார். "அவங்க மேல தப்பு இல்ல. நானும் நின்னிருக்கேன், நாக்காலிக்குப் பின்னால. எத்தினி பேரு சோத்தப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன்." சொல்லிவிட்டுச் சட்டையில் சிந்தியிருந்த சாம்பாரை இடது கையால் துடைக்கப் பார்த்தார். அது இன்னும் பரவியது.

பாப்பா, தான் பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் ஒரு இலைக்கு முன்னால் உட்காருவதற்காக ஒரு மனுஷன் உயிரைப் பணயம் வைத்து வேகமாக விழுங்கப் பழகிக்கொண்டிருக்கிறார். இதற்குமேல் எனக்கு அருவருக்க எதுவும் பாக்கியில்லை. அன்று மத்தியானம் வேலைக்குப் போகிற வழியில் நாம் பிடித்திருக்கும் மண்டபத்துக்குப் போனேன். சாப்பாட்டு ஹாலைப் பார்க்க வேண்டும் என்றேன். மேனேஜர் பல் குத்திக்கொண்டே கூட வந்தார்.

"இந்த ஓரத்து வரிசைய அப்பிடியே தள்ளி, நாற்காலி முதுகெல்லாம் சுவத்துல ஒட்டுற மாதிரி போட முடியுமாங்க?"

"எதுக்கும்மா?"

"பின்னால யாரும் நிக்கக் கூடாது."

"அது எப்பிடிம்மா? பின்னால வழி இல்லன்னா உள்ள இருக்கறவங்க நடுவுல எழுந்து வர முடியாதே. அந்தக் கோடி சுவத்துல முட்டும். இந்தக் கோடியில உக்காந்திருக்கறவரு எழுந்தாதான் மத்தவங்க வெளிய வரலாம்."

"அதேதான் வேணும். கோடியில எங்க வீட்டுக்காரரு உக்காருவாரு."

"அவரு எவ்ளோ நேரம்மா சாப்பிடுவாரு?"

"ஒரு மணி நேரம்."

அவர் பல் குத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஜனம் காத்துக்கிட்டு நிக்கும்மா. சத்தம் போடுவாங்க."

"நிக்கட்டுங்க. முன்னால வந்து, சாப்பிடுறவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கட்டும். யார் எவ்ளோ நேரம் நிக்கிறாங்கன்னு பாக்கலாம்." அந்த மேஜைக்குப் பேப்பர் விரிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். "அப்புறம் டேபிள யாரு துடைக்கிறது?" என்றார். "நானே துடைக்கிறேன்" என்றேன்.

உன் மாமியாருக்கும் நானே போன் செய்து சொல்லிவிட்டேன். நீ பதறாதே. அவங்க வீட்டு ஆளுங்க பாப்பாங்க என்றாயே, அவர்கள் வாயாலேயே கேட்டுவிடலாம் என்றுதான். உன் அப்பாவுக்கு எப்படி ஆகிவிட்டது, எவ்வளவு நேரம் பிடிக்கும், எதற்காகச் சுவரோரம் என்று எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சம்பந்தி, அந்த வரிசையில எனக்கும் ஒரு எடம் போடுங்க. எனக்கு முட்டிவலி. உக்காந்தா எழுந்திரிக்கவே கால் மணி ஆவுது. எங்க போனாலும் பின்னால ஒருத்தி வந்து நின்னுக்கறா." ஆக, யாருக்குப் பயந்து உன் அப்பாவை ரூமில் வைக்கச் சொன்னாயோ அவருக்கு அந்த எண்ணமே இல்லை. அந்தப் பயம் யாருடையது என்று நீதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நின்றுகொண்டு யோசிக்காதே.

இன்னொரு வீட்டுக்குப் போகிறாய். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அம்மாக்கள் சொல்கிற புத்திமதி எதுவும் என்னிடம் இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிடாதே. உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவருக்கு எந்தக் காய் பிடிக்காது என்று தெரிந்துகொள்ள அவர் கை தொங்கிப்போகிறவரை காத்திருக்காதே. சாப்பிடுகிற எவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நிற்காதே, அவர் யாராக இருந்தாலும், நீ எவ்வளவு பசியோடு இருந்தாலும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முகூர்த்தம் முடிந்ததும் போட்டோக்காரர் உங்கள் இருவரையும் அப்படி நில், இப்படித் திரும்பு என்று விரட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நான் உன் அப்பாவைக் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப்போவேன். சுவரோர வரிசையில் வெளிக் கோடியில் அவர். அடுத்து நான். எனக்கடுத்து உன் மாமியார். அதற்கும் உள்ளே இரண்டு இலை போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும். உன் அப்பா முதல் வாய் வாங்குவதற்கு முன்னால் வந்தால் எழுந்து வழிவிடுவோம். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் உன் அப்பா கடைசி வாயை விழுங்கி, இன்னொரு முறையும் விழுங்கி எழுந்திருக்கிறவரை வெளியே வர வழி கிடையாது. போட்டோக்காரர் காத்திருக்க வேண்டும், மேடை காத்திருக்க வேண்டும், கையில் பரிசுப் பொட்டலத்தோடு வருகிறவர்கள் காத்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு வா. வரவில்லை என்றால் அந்த இரண்டு இலையும் அப்படியே இருக்கும், வேறு யாரையும் உட்காரவிட மாட்டேன்.

இன்று காலை கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு, இந்த ஏற்பாட்டை எல்லாம் அவரிடம் சொன்னேன். வாயில் இட்லி இருந்ததால் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். தாடையை இறக்கி விழுங்கினார். இன்னொரு முறை விழுங்கினார். 'ஆ' சொன்னார். "பொண்ணு உள்ள வந்து உக்காருவாளா?" என்று கேட்டார்.

"தெரியலங்க" என்றேன்.

அடுத்த வாயை வாங்கிக்கொண்டார். வழக்கத்தைவிட நிதானமாக அதை முடித்தார். "உக்காருவா" என்றார்.

குரல் தெளிவாக இருந்தது. அடுத்த வாய் கொடுத்தேன்.

அம்மா